பக்கத்து இருக்கைக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போது கணினித் தேர்வு எழுதுவது எப்படி?

கணினி வழி ஆங்கிலத் தேர்வில் பக்கத்து இருக்கைக்காரர் மைக்கில் பேசிய பேச்சும், பின்வரிசையில் யாரோ கீபோர்டைப் படபடவென்று தட்டிய சத்தமும் உங்கள் கவனத்தைக் குலைத்துவிட்டன. அடுத்த மாதம் மறுபடியும் எழுதப் போகிறீர்கள். காதடைப்பான் வைத்துக்கொண்டால் போதுமா, அல்லது இப்போதிருந்தே சத்தத்தில் படித்துப் பழக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது: மற்றவர்கள் எல்லோரும் அவரவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள், எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு போதவில்லையோ? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நான் உளவியல் படித்தவன். கணினித் தேர்வு மையங்களில் மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். மேற்பார்வையாளர் இருக்கையிலிருந்து கண்ணாடி வழியே பார்த்தால் வரிசையாக எல்லா முதுகுகளும் அமைதியாகத்தான் தெரியும். மேசைக்கு அடியில் பார்த்தால்தான் எத்தனை கால்கள் ஆடிக்கொண்டிருக்கின்றன என்பது தெரியும்.

எல்லாச் சத்தமும் ஒரே விதமாகக் கெடுப்பதில்லை. இதைப் பிரித்துக்கொள்ளாமல் பொதுவாக "கவனமாக இருங்கள்" என்று சொல்கிற அறிவுரைகளால் பயனில்லை. முதல் வகை, ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் பேச்சு. 1976இல் கோல், வெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள், திரையில் வரும் எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, பின்னணியில் ஜெர்மன் மொழிப் பேச்சை ஓடவிட்டார்கள். பங்கேற்றவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. அப்படியும் பிழைகள் கூடின. பொருளே புரியாத பேச்சு, வரிசையாக நினைவில் வைக்க வேண்டிய வேலையைக் கெடுக்கிறது என்பது அதன்பின் பலமுறை உறுதியாகியிருக்கிறது. சாதாரணப் பேச்சின் எல்லைக்குள், அது மெல்லக் கேட்கிறதா உரக்கக் கேட்கிறதா என்பதுகூட அவ்வளவாகப் பொருட்டில்லை. 1990களில் டிலன் ஜோன்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டியது இன்னும் முக்கியமானது. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் பாதிப்பு மிகக் குறைவு. ஒலி மாறிக்கொண்டே இருந்தால்தான் நினைவு தடுமாறுகிறது. ஏசியின் இரைச்சலை மறந்துவிட முடிவதும் பேச்சை மறக்க முடியாமல் போவதும் இதனால்தான்.

இரண்டாவது வகை, திடீர்ச் சத்தம். கதவு அறைந்து சாத்தப்படுகிறது, நாற்காலிக்கால் தரையில் கிறீச்சிடுகிறது, யாரோ தும்முகிறார். நினைவில் இருப்பதைக் கலைப்பது இதன் வேலை அல்ல. உங்களையே பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிடுகிறது. 2013இல் ஹியூஸ் என்பவரின் குழு வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டையும் அழகாகப் பிரித்துக் காட்டியது. வரப்போகும் சத்தத்தைப் பற்றி முன்பே எச்சரித்தபோது திடீர்ச் சத்தத்தின் பாதிப்பு அடங்கியது. வேலையைச் சற்றுக் கடினமாக்கி அதிலேயே மூழ்க வைத்தபோதும் அப்படியே. ஆனால் மாறிக்கொண்டே இருக்கும் ஒலியின் பாதிப்பு இவை எதற்கும் அசையவில்லை. வேலைசெய் நினைவின், அதாவது ஒரு வேலையைச் செய்யும்போது தேவையானதைத் தற்காலிகமாக மனத்தில் வைத்திருக்கும் திறனின், கொள்ளளவு அதிகமுள்ளவர்கள் திடீர்ச் சத்தத்தைச் சமாளித்துவிடுகிறார்கள். ஓயாத ஒலியிடம் அவர்களுக்கும் தனிச் சலுகை எதுவும் இல்லை என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. உங்களைத் தடுமாற வைத்தது பெரும்பாலும் இந்த ஓயாத பேச்சு. அதை மனவலிமையால் வெல்ல முயன்றதுதான் வீண் சிரமம்.

இனி, சத்தத்தால் மதிப்பெண் எவ்வளவு போகிறது? பலரும் நினைப்பதைவிடக் குறைவு. படித்துப் புரிந்துகொள்வதில் பின்னணி ஒலியின் பாதிப்பைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வு ஒன்று 2018இல் வந்தது. பாதிப்பு இருக்கிறது, ஆனால் சிறியது என்பதே அதன் முடிவு. படிப்பவர்களின் கண்ணசைவை அளந்த ஆய்வுகள் இன்னொன்றைச் சொல்கின்றன. பின்னணியில் பேச்சு கேட்கும்போது, படித்த வரிகளையே கண்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கின்றன. அதாவது, பெரும்பாலும் பறிபோவது புரிதல் அல்ல, நேரம். நேரம் போகிறதே என்ற பதற்றம் வருகிறது, அந்தப் பதற்றத்தில் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்கிறது. அதனால், முன்பு அமைதியான வீட்டில் ஒரு பகுதியை நேரத்துக்குச் சரியாக முடித்தீர்கள் என்றால், தேர்வறையில் அது போதாமல் போகும். வீட்டில் நான்கைந்து நிமிடம் மிச்சம் வைத்து முடிக்கும் வேகத்துக்கு வந்துவிடுங்கள். இந்த இடைவெளி இருந்தால் ஒரு வரியை இரண்டு முறை படிக்க நேர்ந்தாலும் மனம் பதறாது.

"ஒருமுறை கவனம் கலைந்தால் மீள 23 நிமிடம் ஆகும்" என்று ஒரு செய்தி இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பிப் பயப்பட வேண்டாம். அலுவலக ஊழியர்கள் ஒரு வேலையை விட்டு வேறு வேலைகளுக்குப் போய்விட்டுப் பழைய வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் அது. தேர்வறைத் தும்மலுக்குப் பொருந்தாது. தேர்வுக்குப் பொருந்துவது 2014இல் ஆல்ட்மன், டிராஃப்டன், ஹாம்ப்ரிக் ஆகிய மூவரும் கண்டறிந்தது. படிப்படியாகச் செய்ய வேண்டிய ஒரு வேலையின் நடுவே சராசரியாக 2.8 விநாடி குறுக்கீடு வந்ததும், எந்தப் படியில் இருந்தோம் என்பதில் வரும் பிழைகள் ஏறத்தாழ இரட்டிப்பாயின, 4.4 விநாடி என்றால் மும்மடங்கு. மூன்று விநாடி என்பது திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரைக்கு வருகிற நேரம். கவனம் போவதைவிட, திரும்பி வரும்போது தவறான இடத்தில் வந்து நிற்பதுதான் ஆபத்து.

ஆகவே நான் பயிற்சி தருகிறவர்களிடம் வற்புறுத்துவது ஒன்றைத்தான். தலைக்குள் சுமப்பதைத் தாளில் இறக்கி வையுங்கள். பேச்சு கெடுப்பது வரிசை நினைவை என்றால், வரிசையை நினைவில் வைக்காமலே வேலை செய்ய வேண்டும். கணக்கில் இடை விடைகளை மனத்தில் வைத்திருக்காதீர்கள். எழுதி, அடுத்து செய்ய வேண்டிய படிக்கு முன்னால் ஒரு சிறு அம்புக்குறி போடுங்கள். குறுக்கீடு வந்தால் கண் நேராக அந்த அம்புக்குறிக்குப் போகும். வாசிப்புப் பகுதியில் கேள்வியின் முக்கியச் சொற்கள் இரண்டையோ மூன்றையோ குறித்துக்கொண்டு பத்திக்குப் போங்கள். இல்லையென்றால் பாதிப் பத்தியில் "என்ன கேட்டிருந்தார்கள்?" என்று மேலே ஏறி இறங்க வேண்டியிருக்கும். மவுஸின் கர்சரைப் படித்துக்கொண்டிருக்கும் வரியின் தொடக்கத்திலேயே நிறுத்தி வையுங்கள். பலர் அதைத் திரையின் மூலையில் அநாதையாக விட்டுவிடுகிறார்கள். கேட்டல் பகுதியில் முழு வாக்கியம் எழுத முயலாமல், பெயர், எண், காரணம், மறுப்பு ஆகியவற்றை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். தேர்வறையில் தாள் தருவார்களா, அழித்து எழுதும் பலகையும் பேனாவும் தருவார்களா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வீட்டிலும் அதிலேயே பழகுங்கள். அந்தப் பேனாவின் முனை தடிமனாக இருக்கும். சிறிய எழுத்தில் எழுதிப் பழகியவர்களின் குறிப்புகள் அதில் மை அப்பிப் படிக்க முடியாமல் போவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

திடீர்ச் சத்தத்துக்கு மருந்து வேறு. முன்னெச்சரிக்கை அதை அடக்குகிறது என்று பார்த்தோம். தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம், இன்று என்னென்ன கேட்கும் என்று மனத்துக்குள் வரிசையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்: கதவு திறக்கும், மேற்பார்வையாளர் நடப்பார், ஒருவர் இருமுவார், ஒருவர் சீக்கிரமே எழுந்து போவார், ஒருவருடைய கணினி நின்றுபோய்க் கிசுகிசுவென்று பேச்சு நடக்கும். சத்தம் வந்ததும் திரும்பிப் பார்க்காதீர்கள். காது போவது உங்கள் வசத்தில் இல்லை. கண்ணும் சேர்ந்து போவது உங்கள் வசத்தில்தான் இருக்கிறது.

கீபோர்டுச் சத்தத்தைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அது கெடுப்பது பெரும்பாலும் ஒலியால் அல்ல என்பது என் அனுபவம். "அவர் இவ்வளவு எழுதிவிட்டாரே" என்ற எண்ணம்தான் கெடுக்கிறது. பல மையங்களில் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வெவ்வேறு தேர்வுகள் நடக்கும். உங்களுக்குப் பின்னால் தட்டிக்கொண்டிருப்பவர் கணக்கர் தேர்வு எழுதலாம். அரை மணி நேரத்தில் எழுந்து போனவரின் தேர்வே அவ்வளவுதான் இருக்கலாம். அவர்களுடைய வேகத்திலிருந்து உங்களைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. திரையின் கடிகாரமும் இப்படித்தான் உறுத்துகிறது என்றால், உங்கள் தேர்வில் அதை மறைக்கும் வசதி இருக்கிறதா என்று மாதிரித் தேர்வில் பாருங்கள். வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ (GRE) போன்ற சில தேர்வுகளில் அது உண்டு.

பேசும் பகுதிக்கு வருவோம். அதிகம் பயமுறுத்துவதும் இதுதான், தவறான நம்பிக்கைகள் அதிகம் உலவுவதும் இதில்தான். பிடிஇ (PTE) என்ற கணினி வழி ஆங்கிலத் தேர்வு போன்றவற்றில் பேசுதல் முதற்பகுதியிலேயே வந்துவிடுவதால் அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பேசத் தொடங்குகிறது. சத்தமான இடத்தில் மனிதர் அறியாமலே குரலை உயர்த்துவார். எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் விவரித்ததால் இதை லோம்பார் விளைவு என்பார்கள். ஒருவர் உயர்த்த, பக்கத்தில் இருப்பவர் உயர்த்த, சில நிமிடங்களில் அறை சந்தையாகிவிடும். நீங்களும் அதில் சேர வேண்டியதில்லை. பக்கத்தவர் பேச்சு என் மைக்கில் விழுந்து மதிப்பெண் குறையுமோ என்ற பயத்தில்தான் பலர் கத்துகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மைக் உங்கள் வாயிலிருந்து 3 செ.மீ. தூரத்தில், பக்கத்தவர் வாயிலிருந்து 120 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் 40 மடங்கு. இருவரும் ஒரே அளவில் பேசினால், திறந்தவெளிக் கணக்கில் உங்கள் குரல் அவர் குரலைவிடச் சுமார் 32 டெசிபல் கூடுதலாகப் பதிவாகும். சுவரில் எதிரொலிப்பதால் அறைக்குள் இது ஓரளவு குறையும். ஆனாலும் இடைவெளி பெரியதுதான். கத்தினால் கிடைப்பது உடைந்த, கரகரத்த பதிவு.

மைக்கை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். மூக்குக்கு நேராக வைத்தால் மூச்சுக்காற்று புஸ்புஸ் என்று பதிவாகும். வாய்க்கு நேர் எதிரே வைத்தால் ப, ட போன்ற ஒலிகள் வெடிக்கும். வாய் ஓரத்துக்குச் சற்றுக் கீழே, தாடையை ஒட்டி வையுங்கள். தொடக்கத்தில் மைக்கைச் சோதிக்கும்போது பதிவுசெய்து திருப்பிக் கேட்க விடுவார்கள். பெரும்பாலோர் "ஹலோ, ஹலோ" என்றுவிட்டு அடுத்த பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தேர்வில் பேசப்போகும் அதே அளவில் இரண்டு வாக்கியம் பேசி, முழுவதும் கேளுங்கள். குறை இருந்தால் கையை உயர்த்த வேண்டிய நேரம் அதுதான். இன்னொன்று, பிடிஇயில் மூன்று விநாடிக்கு மேல் பேச்சு நின்றால் பதிவு முடிந்துவிடும். பக்கத்தவர் குரல் இடையில் புகுந்து வார்த்தை மறந்துபோனாலும் வாயை மூடாதீர்கள். வாக்கியத்தை எளிமையாக்கி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

காதடைப்பான் உதவும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அல்ல. நுரைக் காதடைப்பான் உறையில் 30 டெசிபலுக்கு மேல் குறைக்கும் என்று போட்டிருக்கலாம். அது ஆய்வகத்தில் சரியாகப் பொருத்தி அளந்த எண். நடைமுறையில் பலருக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை, காரணம் பொருத்தும் விதம். விரல்களுக்கிடையே மெல்லிய குச்சிபோல உருட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலேயும் பின்னேயும் இழுத்து, உள்ளே செருகி, நுரை விரியும்வரை 20, 30 விநாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். பிறகு இரு கைகளாலும் காதுகளைப் பொத்திப் பாருங்கள். பொத்துவதற்கு முன்னும் பின்னும் பெரிய வேறுபாடு இல்லையென்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பேச்சின் உயர்ந்த ஒலிகளை அது நன்றாக மழுக்கும். சொற்கள் தெளிவிழந்தாலே பாதிப் பாரம் குறையும். ஆனால் பேசும் பகுதிக்கு முன் கழற்றிவிடுங்கள். அடைத்த காதில் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும், குரல் அளவு தப்பிவிடும். உங்கள் சொந்த ஹெட்ஃபோனை எடுத்துப்போக அநேகமாக விடமாட்டார்கள். காதடைப்பான் விஷயத்தில் தேர்வுக்குத் தேர்வு விதி வேறு. நூலில்லாத நுரை வகையைச் சோதித்துவிட்டு அனுமதிப்பவர்கள் உண்டு, தாங்களே தருபவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. முன்பதிவு உறுதியானதும் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

சத்தத்தில் படித்துப் பழகலாமா என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. சுமார் 20 நிமிடம் தொடர்ந்து கேட்டால் மூளை பழகிவிடுகிறது என்று காட்டிய சோதனை இருக்கிறது. எத்தனை நாள் கேட்டாலும் பாதிப்பு குறையவில்லை என்று காட்டியதும் இருக்கிறது. என் தரப்பு இதுதான்: புதிதாகக் கற்பதை அமைதியில் கற்றுக்கொள்ளுங்கள், மாதிரித் தேர்வை மட்டும், வாரத்துக்கு இரண்டு முறை, சத்தத்தோடு எழுதுங்கள். தேர்வு மொழியிலேயே பலர் பேசும் பதிவை, முன்னாலிருந்து அல்ல, பக்கவாட்டிலிருந்து ஒலிக்க விடுங்கள். எப்போது தொடங்கும் எப்போது நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாதபடி வீட்டில் ஒருவரை இயக்கச் சொல்லுங்கள். இதனால் காது மரத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அம்புக்குறி போடுவதும், திரும்பிப் பார்க்காமல் இருப்பதும், குரலை உயர்த்தாமல் பேசுவதும் யோசிக்காமலே வரத் தொடங்கும். அதுதான் ஆதாயம்.

மேற்பார்வையாளராக இருந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். கிளாஸ், சிங்கர் என்ற இரு உளவியலாளர்கள் 1972இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை வருகிறது. எதிர்பாராத இரைச்சலுக்கு நடுவே வேலை செய்தவர்களில் ஒரு பிரிவினருக்கு, வேண்டுமானால் இரைச்சலை நிறுத்த ஒரு பொத்தான் தரப்பட்டது. பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை. அப்படியும், பின்னர் கொடுத்த வேலையைப் பொத்தான் இல்லாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். தேர்வறையில் உங்களுக்கு இருக்கும் பொத்தான், உயர்த்தக்கூடிய கை. தொடங்குவதற்கு முன்பே, "இடையூறு வந்தால் யாரிடம் சொல்வது, இருக்கை மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டு வைத்துவிடுங்கள். தேர்வின்போது கை உயர்த்தினால் பெரும்பாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஹெட்ஃபோன், திரை போன்றவை பழுதானால் உடனே. மற்றபடி ஒரு கேள்வி முடிந்ததும் கையை உயர்த்துங்கள். நடந்ததை நிகழ்வுப் பதிவில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்குப் போய் மின்னஞ்சலில் அனுப்பும் புகாரை, மையத்தின் பதிவில் எதுவும் இல்லாதபோது, நிரூபிப்பது கடினம்.

நான் மருத்துவன் அல்ல. அன்றாட வாழ்விலும் சிறு சத்தங்கள் தாங்க முடியாத அளவுக்கு உங்களைத் துன்புறுத்துகின்றன, காதில் ஓயாத இரைச்சல் இருக்கிறது, அல்லது கவனக்குறைபாடு இருப்பதாக முன்பே சொல்லியிருக்கிறார்கள் என்றால், மேலே சொன்னவை போதாது. மருத்துவச் சான்றோடு தனி அறைக்கும் கூடுதல் நேரத்துக்கும் விண்ணப்பிக்கும் வழி பெரிய தேர்வுகள் பலவற்றில் இருக்கிறது. பரிசீலிக்க வாரக்கணக்கில் ஆகும். அப்படியானால் தேர்வுத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் செய்யுங்கள்.

இதெல்லாம் எதற்கு, வீட்டிலிருந்தே எழுதும் வசதி இருக்கிறதே என்று தோன்றலாம். அந்த வழியில் பக்கத்து இருக்கைக்காரர் இருக்கமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் கேமரா வழியே ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். காதடைப்பானுக்குப் பெரும்பாலும் இடமில்லை. வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தாலே எச்சரிக்கை வரலாம். அறைக்குள் இன்னொருவர் குரல் கேட்டால் தேர்வையே நிறுத்திவிடலாம். கதவைத் தாழிட்டுக்கொள்ளக்கூடிய தனி அறையும் தடையில்லாத இணையமும் உங்களுக்கு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மையமே மேல்.